ரௌட்டர்கள் தாமே குறுகிய பாதை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம்ம திருநெல்வேலிப் பக்கம் காலேஜ்களில், குறுகிய பாதை கண்டுபிடிக்கிற பெல்மேன்-ஃபோர்டு கணக்கை நோட்டில் அழகாகப் போட்டுக் காட்டுகிற பிள்ளைகள்கூட, அதையே ரௌட்டர்களிடம் (நெட்வொர்க்கில் தகவலுக்கு வழிகாட்டும் கருவிகளிடம்) பிரித்துக் கொடுத்ததும் தடுமாறுகிறார்கள். நோட்டில் முழு வரைபடமும் கண்முன்னே இருக்கிறது. ரௌட்டருக்கோ பக்கத்து ரௌட்டர் சொன்னது மட்டும்தான் தெரியும், அதுவும் பழைய செய்தியாக இருக்கலாம்.

அறுந்துபோன பாதையை ரௌட்டர்கள் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லிச் சொல்லியே தூரத்தின் எண்ணிக்கை முடிவில்லாமல் ஏறுகிற சிக்கல் உண்டு; ஸ்பிளிட் ஹரைசன் என்ற விதியைப் போட்டுவிட்டால் அது தீர்ந்தது என்று நம்புவதுதான் பெரிய தவறு. யாரிடம் பாதையைக் கற்றோமோ அவரிடமே அதைத் திருப்பிச் சொல்லாதே என்பதுதான் அந்த விதி, இரண்டு ரௌட்டர் சுற்றைத்தான் அது தடுக்கும். மூன்று பேர் இருந்தால்? அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, தென்காசி மூன்றிலும் ஒவ்வொரு ரௌட்டர், மூன்றும் ஒன்றோடொன்று இணைப்பு, பாபநாசத்துக்கு அம்பை வழியாக மட்டுமே லிங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லிங்க் அறுகிறது. அம்பை சொன்ன செய்தி நெல்லைக்கு வந்துவிட்டது, தென்காசிக்குப் போகும் வழியில் தொலைந்துவிட்டது. தென்காசி விதியை மீறாமலே நெல்லையிடம் "பாபநாசம் எனக்கு 2 ஹாப்", அதாவது இரண்டு தாவல் தூரம், என்கிறது. நெல்லை 3 என்று எழுதி அம்பைக்குச் சொல்ல, அம்பை 4, தென்காசி 5, நெல்லை 6 என்று ஏறிக்கொண்டே போகும்.

இப்படிப் பக்கத்து ரௌட்டர் சொல்வதை நம்பிப் பாதை போடும் பழைய முறையான ஆர்.ஐ.பி.யில் ஹாப் எண்ணிக்கை 16 வந்தால் 'போக வழியில்லை' என்று வைத்திருப்பது இதனால்தான். பெரிய நெட்வொர்க்குக்காக அந்த 16-ஐ உயர்த்தலாமே என்று சிலர் கேட்பார்கள், வேண்டாம், 30 விநாடிக்கு ஒருமுறை டேபிள் அனுப்புகிற முறையில் பொய்ப்பாதை அந்த அளவுக்கு நீண்ட நேரம் சுற்றும். அதற்குப் பதில் பொய்ப்பாதை சுற்றாமல் தடுக்கிற முறைகளைப் படியுங்கள்: பழைய செய்தியைக் கண்டுபிடிக்கச் சேருமிடமே வரிசை எண் கொடுக்கிற டி.எஸ்.டி.வி., இல்லையென்றால் சிஸ்கோ கம்பெனியின் இ.ஐ.ஜி.ஆர்.பி. என்ற முறைக்குள் இருக்கும் டூயல் கணக்கு.

அடுத்த தவறு, அந்த நேரத்துத் தாமதத்தையே லிங்கின் விலையாக, அதாவது பாதையைத் தேர்ந்தெடுக்கக் கூட்டிப் பார்க்கும் எண்ணாக, வைப்பது. ஆனித் தேரோட்டத்தன்று ஒரு ரோட்டில் நெரிசல் என்றதும் எல்லா வண்டியும் அடுத்த ரோட்டுக்குத் திரும்பினால் என்ன ஆகும்? 1979இல், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட் தாமதத்தை அளந்து பாதை போட ஆரம்பித்தது. சுமை கூடியபோது போக்குவரத்து இப்படியே அங்குமிங்கும் அலைந்தது, 1987இல் விலை சட்டென்று ஏறி இறங்காதபடி கணக்கை மாற்றினார்கள்.

ஒவ்வொரு ரௌட்டரும் முழு வரைபடத்தையும் வைத்துப் பாதை போடும் ஓ.எஸ்.பி.எஃப். முறையில் வரும் விலையையும் கவனியுங்கள். அடிப்படை வேகத்தை லிங்கின் வேகத்தால் வகுத்து விலை போடுவார்கள், அது 1-க்குக் கீழே போகாது. பல சிஸ்கோ ரௌட்டர்களில் வழக்கமான அடிப்படை விநாடிக்கு 100 மெகாபிட், அதனால் 100 மெகாபிட் லிங்கும் 1 கிகாபிட் லிங்கும் ஒரே விலையில், 1 என்று நிற்கும். அடிப்படையை உயர்த்துங்கள், ஆனால் எல்லா ரௌட்டரிலும் ஒரே அளவாக.