கில்ட் கட்டிக்கொண்டு வெளியே போகும்போது

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடை. எடின்பரோவில் பகலில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. வம்பெல்லாம் இரவில், பப்பில்தான். "உள்ளே என்ன போட்டிருக்கிறாய்?" என்று கேட்டால் "ஷூவும் சாக்ஸும்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். நின்று விளக்கினால் பேச்சு வளரும்.

தூக்கிப் பார்க்க நினைப்பவன் கை பின்பக்க மடிப்புகளுக்குத்தான் வரும். எட்டு கஜக் கம்பளி சாதாரணக் காற்றுக்கு அசையாது, கைக்கு அசையும். அதனால் முதுகைச் சுவரோடு ஒட்டி நிற்பேன். உள்ளே கறுப்பு ஷார்ட்ஸ். கில்ட்டின் முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு துணி இருக்கும். அலங்கார ஊசியை மேல் துணியில் மட்டும் குத்துங்கள். அடித்துணியோடு சேர்த்துக் குத்தினால் யாராவது இழுக்கும்போது கிழிந்துவிடும்.

கை வைத்தால் உரக்க "தொடாதே!", அவ்வளவுதான். சிரித்து மழுப்பினால் மறுபடி வருவார்கள். அடுத்து பப் ஊழியரிடம் சொல்லுங்கள். கில்ட்டுக்கு அடியில் போனை நீட்டிப் படமெடுப்பது ஸ்காட்லாந்தில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். போலீஸில் புகாருக்கு 101, ஆபத்தென்றால் 999.