செல்லோ கலைஞராக விரும்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியமான செல்லோவைக் கற்கும் பிள்ளைகளிடம் ஒரு எண்ணம் ஊறிப் போயிருக்கிறது. முழு இசைக்குழுவோடு தனிக் கலைஞராக மேடையேறுவதுதான் பெரிது. மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வாசிக்கும் சேம்பர் இசை, அந்த வாய்ப்பு கிடைக்காதவர்களுக்கானது. இதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரிந்து இல்லை. செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் உலகப் புகழோடு இருந்த காலத்திலேயே வயலின் கலைஞர் திபோ, பியானோ கலைஞர் கோர்ட்டோ இருவரோடும் வருடக்கணக்கில் மூவராக வாசித்தார்.

கூட்டாக வாசிக்கும்போதுதான் காது திறக்கும். செல்லோவின் நான்கு தந்திகளை ஒன்றுக்கொன்று சுத்தமான பஞ்சமமாகச் சுருதி சேர்த்தால், தனியாக வாசிக்கையில் குறை தெரியாது. வயலின்களும் இருக்கும் நால்வர் குழுவில் உட்கார்ந்து, செல்லோவின் மிகத் தாழ்ந்த தந்தியான சி தந்தியை இழுங்கள். வயலினின் மேல் ஈ தந்தியோடு அது சேராது, தாழ்ந்தே நிற்கும். அதனால் அனுபவசாலிகள் சி தந்தியை இம்மியளவு ஏற்றிவைப்பார்கள். அறைக்குள் தனியாக எத்தனை மணி நேரம் சாதகம் செய்தாலும் இது பிடிபடாது.

அப்புறம், ஒத்திகை. கச்சேரிக்கு ஒப்புக்கொள்ளும்போது சம்பளத்தைக் கேட்கிறவர்கள், ஒத்திகைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பதில்லை. ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோ, அதாவது தனிச் செல்லோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, 1919 அக்டோபர் 27 அன்று லண்டனில் அரங்கேறியது. அதே கச்சேரியின் மற்ற உருப்படிகளை நடத்தியவர் ஒத்திகை நேரத்தைத் தின்றுவிட்டார். தனிச் செல்லோ வாசித்த ஃபெலிக்ஸ் சால்மண்ட் தயாராக வந்திருந்தார். இசைக்குழு தயாராக இல்லை. கச்சேரி படுத்துவிட்டது.

வாத்தியத்தையும் கவனியுங்கள். செல்லோவின் அடியில் நீட்டி நிற்கும் கம்பி வழவழப்பான மேடையில் சறுக்கும். அதைப் பிடித்து நிறுத்த, நாற்காலிக் காலில் மாட்டும் பட்டை ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஒரு மோசமான இரவோடு எல்லாம் முடிந்தது என்று ஒதுங்குவதும் தவறுதான். சால்மண்ட் பிறகு அமெரிக்கா போய்ச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்தவர் செல்லோ கலைஞர் லெனார்ட் ரோஸ். ரோஸிடம் படித்தவர் உலகப் புகழ்பெற்ற செல்லோ கலைஞர் யோ-யோ மா. அந்த 1919 கச்சேரியில் இசைக்குழுவின் செல்லோ வரிசையில் 19 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் ஜான் பார்பிரோலி. 1965-இல் அதே கான்செர்ட்டோவை 20 வயது செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே பதிவு செய்தபோது, இசைக்குழுவை நடத்தியவர் அவர்தான்.