பன்னிரண்டு ஜெர்சியில் தொடங்குங்கள்

விளையாட்டு உடைத் தொழில் தொடங்க வேண்டும் என்று திருப்பூரில் என்னிடம் வருகிற தம்பிகள் முதலில் கேட்பது, எந்த மெஷின் வாங்கலாம் என்பதைத்தான். மெஷினே வேண்டாம் என்பேன். இந்த ஊரில் கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங் எல்லாவற்றையும் ஜாப் ஒர்க்கில், அதாவது கூலிக்கு, செய்து தர ஆள் இருக்கிறது. கையில் உள்ள பணம் துணிக்கு வேண்டும். முதலில் தேட வேண்டியது ஓர் அணியை. ஆட்டக்காரர்களின் பெயரும் உடம்பளவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர்கள் தோற்றால் உங்களுக்கும் வலிக்க வேண்டும். அப்படி ஓர் அணி போதும்.

அமெரிக்காவில் கெவின் பிளாங்க் 1996இல் அண்டர் ஆர்மரைத் தொடங்கியது இப்படித்தான். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் ஆடியவர் அவர். உள்ளே போடும் பருத்தி பனியன் வியர்வையில் ஊறிக் கனப்பது அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. செயற்கை இழைத் துணியில் பனியன் தைக்கவைத்து, தன்னோடு ஆடியவர்களுக்குக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். வாஷிங்டனில் பாட்டி வீட்டு அடித்தளம்தான் அலுவலகம். முதல் வருட விற்பனை 17,000 டாலர். ஆட்டக்காரனின் தொல்லையை உடம்பால் அறிந்தவர் என்பதுதான் அவருடைய முதல் மூலதனம்.

நான் கபடி ஆடியவன், அதனால் கபடி ஜெர்சியில் தொடங்கினேன். ரெய்டு போனவனை நான்கு பேர் அமுக்கும்போது சட்டையும் சேர்ந்து இழுபடும். அக்குளிலும் தோளிலும்தான் முதலில் பிரியும். ஒரு கபடி அணிக்குக் களத்தில் ஏழு, வெளியே ஐந்து, ஆகப் பன்னிரண்டு ஜெர்சி. முதல் ஆர்டருக்கு அது சரியான அளவு. வாலிபாலுக்கும் அதே பன்னிரண்டுதான், பின்வரிசையில் தடுத்தாடும் லிபெரோவுக்கு மட்டும் வேறு நிறம்.

துணிக்கு வருவோம். பருத்தி சும்மா இருக்கும்போதே தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரம் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. அதனால்தான் ஜெர்சிக்கு பாலியஸ்டரில் டாட் நிட் அல்லது இன்டர்லாக் என்ற பின்னல் துணி. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். கடைக்காரர் சொல்லும் ஜிஎஸ்எம்மை அப்படியே நம்பாதீர்கள். ஜிஎஸ்எம் கட்டர் 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டித் தரும். அந்தத் துண்டு 1.6 கிராம் இருந்தால் துணி 160 ஜிஎஸ்எம். அப்புறம் அதையே தண்ணீரில் நனைத்து, அடியில் கையை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தோல் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம்.

இதை நான் வற்புறுத்திச் சொல்வது பெண் பிள்ளைகளின் அணிகளுக்காக. பல பள்ளிகளில் அவர்களுக்குக் கிடைப்பது பையன்களின் ஸ்மால் சைஸ். தோள் தொங்கும், அக்குள் அகலமாகத் திறந்திருக்கும், வெளிர் நிறம் வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பிள்ளை ஸ்மாஷ் அடிக்கக் கையைத் தூக்குவதா, சட்டையைப் பிடித்துக்கொள்வதா? அவர்களுக்குத் தனி பேட்டர்ன், அதாவது துணி வெட்டும் அளவு மாதிரி, போடுங்கள். நேரில் போய், அவர்களுடைய பி.டி. டீச்சரை வைத்து அளவெடுங்கள். கையைத் தூக்கியும் குனிந்தும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். அந்த டீச்சரே அடுத்த பள்ளிக்கும் உங்கள் பெயரைச் சொல்வார்.

பிரிண்டிங்குக்கு சப்ளிமேஷன் நல்லது. காகிதத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி அச்சிட்ட டிசைனைத் துணிமேல் வைத்துச் சுமார் 200 டிகிரி சூட்டில் அழுத்தினால் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடும், உரியாது. ஆனால் பாலியஸ்டரில்தான் பிடிக்கும், துணியும் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் துணி சுருங்கும் என்பதால் பாகங்களைக் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொல்லி கட்டிங் மாஸ்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தையலில் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மட்டும் போட்டு விடாமல், தோளிலும் அக்குளிலும் இணைப்பைத் தட்டையாகப் பிடிக்கும் பேட்லாக் (ஃபிளாட்லாக்) தையல் கேளுங்கள். சாம்பிள் வந்ததும் தையலை இரு கையாலும் முழுப் பலத்தோடு இழுங்கள். நூல் அறுந்தால் திருப்பிக் கொடுங்கள். பலமுறை சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்த பிறகுதான் மீதிப் பீஸ்களுக்குச் சரி சொல்ல வேண்டும்.

பணம். ஊர் டோர்னமென்ட் அணியில் ஜெர்சிக்குப் பணம் கொடுப்பவர் பெரும்பாலும் ஸ்பான்சர்தான், ஆட்டக்காரர் இல்லை. நெஞ்சில் ஊர் பெயர், முதுகில் கடை பெயர் என்று டிசைன் போட்டு எடுத்துக்கொண்டு கேப்டனோடு ஸ்பான்சரை நேரில் பாருங்கள். பாதித் தொகை முன்பணமாக வராமல் துணி வெட்டாதீர்கள். பெயர், எண், சைஸ் மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். போட்டிக்கு மறுநாள் வரும் ஜெர்சியால் யாருக்கும் பயனில்லை, ஆகவே சொல்லும் தேதியில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஐபிஎல் அணியின் சின்னத்தை அப்படியே போட்டுத் தரச் சொல்லியும் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள். அது அடுத்தவர் உரிமை.

விலை போடும்போது துணி, பிரிண்ட், தையல் கூலியோடு நிறுத்தாமல் வெட்டுக் கழிவு, வண்டிச் செலவு, உங்கள் சம்பளம் மூன்றையும் சேருங்கள். சிறுதொழிலுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். சரக்கு விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் அந்தச் சலுகை கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை உள்ள உடைக்கு வரி 5 சதவீதம். உங்களுக்கென்று ஒரு பெயர் வைத்தால் உடைகளுக்கான 25ஆம் வகுப்பில் டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு அணிக்கும் சைஸ், எண், நிறம், துணியின் ஜிஎஸ்எம் எல்லாம் எழுதிய ஒரு நோட்டு வைத்திருங்கள். அடுத்த சீசனில் கேப்டன் ஒரு போன் போட்டால் போதும் என்ற நிலை வரும். ஜாப் ஒர்க் தையல்காரர் உங்கள் ஆர்டரை நெருக்கடியில் தள்ளிப்போடத் தொடங்கும்போது, மாதாமாதம் திரும்ப வரும் ஆர்டர்களை அந்த நோட்டில் எண்ணிப் பாருங்கள். ஒரு பேட்லாக் மெஷினுக்கு மாதம் முழுவதும் வேலை இருந்தால், அப்போது வாங்கலாம்.