ஜெயித்தால் இரண்டு மணி நேரம், தோற்றால் விடியவிடிய

போன வாரம் போக்கர் மேஜையில் எனக்கு இடதுபக்கம் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். 100 பிக் பிளைண்டோடு வந்தவனுக்கு ஒரு மணி நேரத்தில் 140 ஆகிவிட்டது. (பிக் பிளைண்ட் என்பது ஒவ்வொரு கைக்கும், அதாவது கார்டு போடும் ஒவ்வொரு சுற்றுக்கும், ஒருவர் முன்கூட்டியே கட்டும் கட்டாயப் பந்தயம். எங்கள் அளவுகோல் அதுதான்.) எதிரே ஒருவர், எந்தக் கார்டு வந்தாலும் ஃபோல்ட் பண்ண, அதாவது கையைப் போட்டுவிட்டு விலக, மனசு வராதவர், 250 பிக் பிளைண்டைக் குவித்து வைத்துக்கொண்டு உற்சாகமாக இருந்தார். இப்படி ஒரு மேஜை மாதத்தில் ஒருநாள் அமைந்தாலே பெரிது. தம்பி சிப்ஸை அடுக்க ஆரம்பித்தான். "இன்னைக்கு இது போதும்ணே, லாபத்தோட எழுந்துக்கறேன்."

அதற்கு முந்தைய வாரம் இதே தம்பி மூன்றாவது பை-இன்னை (மேஜையில் உட்காரக் கொண்டுவரும் தொகை, இங்கே 100 பிக் பிளைண்ட்) எடுத்து வைத்து, கண் சிவக்க, அதிகாலை நாலு மணிவரை ஆடிக்கொண்டிருந்தான். அதையும் பார்த்தேன். அவன் வயதில் நான் செய்ததும் இதுதான் என்பதால் சிரிப்பு வரவில்லை.

எல்லாக் கையையும் ஆடக்கூடாது, குடித்துவிட்டு உட்காரக்கூடாது, வாடகைப் பணத்தை மேஜைக்குக் கொண்டுவரக்கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஓரளவு நன்றாகவே ஆடுகிறார்கள், ஆனாலும் பேங்க்ரோல் (ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய பணம்) மட்டும் வளரவில்லை என்கிறவர்கள் செய்யும் தவறுகளை எழுதுகிறேன்.

ரேக்கைக் கணக்கில் எடுக்காதது

சின்னப் பந்தய மேஜைகளில் உங்கள் முதல் எதிராளி, மேஜையை நடத்துகிறவர் எடுக்கும் கமிஷனான ரேக். பாட் தொகையில், அதாவது நடுவில் சேரும் பந்தயப் பணத்தில், பத்து சதவீதம், அதற்கொரு உச்சவரம்பு என்பதுதான் பரவலான வழக்கம். 1-2 மேஜையில் (சின்ன பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 2) நாலைந்து பேர் லிம்ப் பண்ணி, அதாவது பிக் பிளைண்டை மட்டும் கட்டி, உள்ளே வந்து, ஒரு சின்ன பெட்டுக்கு ஒருவர் கால் பண்ணி (அதே தொகையைக் கட்டி), 20 சேர்ந்த ஒரு பாட்டை ஜெயிக்கிறீர்கள் என்று வையுங்கள். ரேக் 2, ஜாக்பாட் நிதிக்கு 1, கார்டு போடும் டீலருக்கு டிப்பாக நீங்கள் தள்ளுவது 1. ஐந்தில் ஒரு பங்கு போயே போச்சு. பாட் பெரிதானால் இந்த விகிதம் உச்சவரம்பால் சுருங்கும். பல இடங்களில் ஃபிளாப் (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுக் கார்டு) வராமல் முடிந்த கைக்கு ரேக்கே கிடையாது. ஆகவே ஆடுவது குறைவான கைகளாக இருக்கட்டும், ஆடும்போது ரைஸ் பண்ணி, பந்தயத்தை உயர்த்தி ஆடுங்கள். 'சும்மா ஃபிளாப் பார்க்கலாமே' என்று போடும் ஒவ்வொரு லிம்ப்பும் ரேக்குக்குக் கட்டும் தண்டம்.

ப்ளஃப்

கை இல்லாமலே பெட் போட்டு மிரட்டுவது எதற்கும் கால் பண்ணுகிறவரிடம் வேண்டாம்.

விட்டதைப் பிடிக்க உட்கார்ந்திருப்பது, கிடைத்ததோடு எழுந்து ஓடுவது

இவற்றை இரண்டு தவறாகச் சொல்வார்கள். என்னைப் பொறுத்தவரை ஒன்றின் இரண்டு முனைகள்தான்.

என் முதல் நோட்டில் தேதிக்கு எதிரே ஒரே ஒரு எழுத்துதான் இருக்கும். 'ஜெ' அல்லது 'தோ'. அறுபது நாள் ஆட்டத்தில் 43 'ஜெ'. மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். பணம் மட்டும் ஏனோ கரைந்துகொண்டே வந்தது. ஒருநாள் தொகையையும் நேரத்தையும் நினைவிலிருந்தும் ரசீதுகளிலிருந்தும் எடுத்து எழுதிப் பார்த்தேன். ஜெயித்த 43 நாளில் சராசரி 40 பிக் பிளைண்ட், மொத்தம் 1,720. தோற்ற 17 நாளில் சராசரி 130, மொத்தம் 2,210. கிட்டத்தட்ட ஐந்து பை-இன் நஷ்டம். அதைவிட உறைத்தது நேரக் கணக்கு. ஜெயித்த நாள்களில் சுமார் இரண்டு மணி நேரம்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆக மொத்தம் 86. தோற்ற நாள்களில் எட்டெட்டு மணி நேரம், மொத்தம் 136.

நான் லாபத்தில் இருக்கிறேனா நஷ்டத்தில் இருக்கிறேனா என்பது கார்டுக்குத் தெரியாது. கேஷ் கேம் (சிப்ஸே பணமாக, விரும்பிய நேரத்தில் வந்து விரும்பிய நேரத்தில் எழும் ஆட்டம்) என்பது வாழ்நாள் முழுக்க நீளும் ஒரே ஆட்டம், எழுந்து வீட்டுக்குப் போவது நடுவில் போடும் ஒரு கமா. அப்படியானால் எப்போது எழுந்தால் என்ன என்று கேட்கலாம். அந்த 86 மணி நேரமும் 136 மணி நேரமும் ஒரே தரம் என்றால் கேள்வி நியாயம்தான்.

லாபத்தில் இருக்கும்போது தலை தெளிவாக இருக்கும், முன்னால் சிப்ஸும் ஆழமாக இருக்கும். கையில் ஜோடி வந்தால் ஃபிளாப்பில் செட் (அதே மதிப்பில் மூன்றாவது கார்டு) விழுவது எட்டரை தடவைக்கு ஒருமுறை. விழும் அந்த ஒருமுறையில் உங்களிடமும் எதிரே இருப்பவரிடமும் 200 பிக் பிளைண்ட் இருப்பதற்கும் 60 இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! நஷ்டத்தில் இருக்கும் நள்ளிரவு வேறு மாதிரி. பணத்தை வாரி இறைத்தவர்கள் காலியாகிப் போயிருப்பார்கள். மிச்சம் இருப்பது வழக்கமாக வரும் நாலைந்து கெட்டிக்காரர்களும் நானும். அந்த மேஜையில் ஏமாளி யார் என்று தேடவே வேண்டாம்.

ஒரு இரவு, 150 பிக் பிளைண்ட் பள்ளத்தில் இருந்தேன். டர்னில் (நாலாவது பொதுக் கார்டு திறந்தபின்) எனக்கு ஃபிளஷ் டிரா, அதாவது ஒரே சின்னத்தில் நாலு கார்டு இருக்க ஐந்தாவதுக்குக் காத்திருப்பு. இன்னும் திறக்க இருப்பது ஒரே ஒரு கார்டு. எதிராளி பாட் அளவுக்கு பெட் போட்டார், அதுவே அவரிடம் மிச்சமிருந்த சிப்ஸ் முழுவதும். ஒன்பது கார்டுதான் எனக்கு உதவும், ஐந்துக்கு ஒரு தடவைகூட வராது. அந்த விலைக்கு மூன்றுக்கு ஒரு தடவையாவது வந்தால்தான் கட்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வேன். சொல்லிக்கொண்டேதான் கால் பண்ணினேன். சாயங்காலம் ஏழு மணிக்கு என்றால் இரண்டு விநாடியில் ஃபோல்ட் பண்ணியிருப்பேன்.

சின்ன மேஜையில் நன்றாக ஆடுகிறவர் மணிக்கு ஐந்து பிக் பிளைண்ட் சம்பாதித்தால் கௌரவமான வேகம். 200 தோற்றிருந்தால் அது நாற்பது மணி நேரத்து வேலை. அதை விடிவதற்குள் எடுத்துவிடலாம் என்று உட்காருகிறோம்.

எழுந்து ஓடும் முனைதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். விடியவிடிய ஆடுகிறவனுக்குத் தான் தப்புப் பண்ணுவது உள்ளூரத் தெரியும். 40 லாபத்தோடு எழுந்திருக்கிறவனோ அதைக் கட்டுப்பாடு என்று நம்புகிறான், அடுத்தவனுக்கும் போதிக்கிறான். ஆழமான ஸ்டாக்கோடு, நிறைய சிப்ஸோடு ஆடப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தால் அது நேர்மை, எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஜெயித்த சிப்ஸில் பாதியை மட்டும் பைக்குள் போட மேஜை விதி விடாது, அதனால் எழுவதுதான் ஒரே வழி. ஆனால் அதற்கு ஒழுக்கம் என்று பேர் வைக்க வேண்டாம்.

நான் இப்போது செய்வது இது. ஐந்து மணி நேரம் என்று வீட்டிலேயே முடிவு செய்கிறேன். இரண்டு பை-இன் மட்டுமே எடுத்துப் போகிறேன், மூன்றாவது வீட்டில் இருக்கும். நேரம் முடிந்ததும், மேஜை இன்னும் நன்றாக இருந்து நானும் தெளிவாக இருந்தால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்வேன். நஷ்டத்தில் இருந்தால் கூட்டுவது கிடையாது. நோட்டில் 'ஜெ', 'தோ' போய், மணி நேரமும் தொகையும் வந்துவிட்டன.

நல்ல வாரத்தை நம்பி மேலே ஏறுவது

நேரில் ஆடும் மேஜையில் மணிக்கு 25, 30 கை. நூறு மணி நேரம் ஆடினாலும் 3,000 கைதான். என் நோட்டின்படி ஒரு மணி நேரத்து ஏற்ற இறக்கம் 50 பிக் பிளைண்டைத் தொடும். நேரம் நூறு மடங்கானால் ஏற்ற இறக்கம் பத்து மடங்குதான் ஆகும், ஆனாலும் அது 500. மணிக்கு ஐந்து ஜெயிக்கும் நல்ல ஆட்டக்காரரின் நூறு மணி நேர வருமானமும் அதே 500. அதாவது, அப்படிப்பட்டவர்கள் ஆறு பேரில் ஒருவர் நூறு மணி நேரம் கழித்தும் நஷ்டத்தில் நிற்பார். லாபமும் நஷ்டமும் சமமாகும் அளவுக்கே ஆடுகிறவர்களில் ஐந்து பை-இன்னோ அதற்கு மேலோ லாபத்தில் நிற்கிறவர்களும் அதே விகிதத்தில் உண்டு. இரண்டு நல்ல வாரத்தைப் பார்த்து 2-5 மேஜைக்குத் தாவுகிறவர் இவர்களில் யார் என்று அவருக்கே தெரியாது. அடுத்த மேஜைக்கு 25 பை-இன் சேரட்டும். அங்கே ஐந்து போனால் கூச்சப்படாமல் இறங்கிவிடுங்கள்.

பாடம் நடத்துவது

தப்பாக ஆடி உங்கள் ஜோடி ஏஸை உடைத்தவரிடம் 'நல்ல கை' என்று மட்டும் சொல்லுங்கள்.

கடன்

எனக்கு வர வேண்டியது இன்னும் மூன்று பை-இன் இருக்கிறது. அதில் ஒருவர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் வேறு மேஜைக்கு மாறிக்கொள்கிறார். சுமாராக ஆடுகிறவர், அந்த வகையிலும் எனக்கு நஷ்டம்தான்.