காணி விலை ஒப்பிட ஒரே அளவுக்கு மாற்றுங்கள்

யாழ்ப்பாணத்தில் இரண்டு காணிகளின் விலையை ஒப்பிட முன்னர், இரண்டையும் பேர்ச்சுக்கு மாற்றுங்கள். ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர்.

ஒருவர் "பரப்பு 20 இலட்சம்" என்பார், கொழும்புப் பக்கத்தில் பழகிய இன்னொருவர் "பேர்ச் இரண்டேகால்" என்பார். காதுக்கு இரண்டாவது மலிவு. கணக்குப் பார்த்தால் அதுதான் விலை கூட: பரப்புக்கு 22½ இலட்சம். அளவுகோல் ஒன்றாக இல்லாவிட்டால் விலையை ஒப்பிடவே முடியாது.

குளியில்தான் பலர் பிழை விடுகிறார்கள். 18 குளி ஒரு பரப்பு. ஆகவே காணி உறுதிப் பத்திரத்தில் "2 பரப்பு 9 குளி" என்றிருந்தால் அது 2.9 பரப்பு அல்ல, இரண்டரைப் பரப்பு, அதாவது 25 பேர்ச். முற்பணம் கொடுக்க முன்னர் இதை மட்டுமாவது தாளில் எழுதிப் பாருங்கள், தயவுசெய்து.

வயற்காணிக்கு இந்தக் கணக்கு சரிவராது. பழைய உறுதிகளில் லாச்சம் என்றொரு நில அளவு வரும்; அதிலும் நெல் லாச்சமும் வரகு லாச்சமும் வேறு வேறு அளவு. அங்கே நில அளவையாளரின் வரைபடத்தில் உள்ள அளவையே எடுங்கள். ஒழுங்கையின் அகலம், கிணற்றுப் பங்கு போன்றவற்றையும் பேர்ச் விலை காட்டாது.