வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? அட்வான்ஸைத் தொடாதீர்கள்

போன மாதம் என் அக்காள் மகன், மேடவாக்கத்தில் தான் வாங்கிய ஃபிளாட்டைக் காட்ட அழைத்துப் போனான். சமையலறை முழுக்கப் புத்தம்புது அலமாரிகள். "எல்லாம் குடிவருகிறவர் கொடுத்த அட்வான்ஸில் செய்தது, மாமா" என்று பெருமையாகச் சொன்னான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வில்லங்கச் சான்று பாருங்கள், மூலப்பத்திரம் கேளுங்கள் என்று ஊரே சொல்லும். அதை விட்டுவிடுகிறேன். வாடகைக்கு விட வாங்குகிறவர்கள் செய்யும் வேறு ஐந்து தவறுகளைச் சொல்கிறேன்.

பன்னிரண்டால் பெருக்குவது

60 லட்ச ரூபாய் வீடு, 16,000 வாடகை. ஆண்டுக்கு 1,92,000, அதாவது 3.2 சதவீதம் என்று கணக்குப் போடுகிறார்கள். பத்திரச் செலவு எங்கே? முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 5,40,000 ரூபாய் முதலீட்டில் சேர்ந்துவிட்டது. ஆள் மாறும்போது வீடு பூட்டிக் கிடக்கும். அந்த மாதப் பராமரிப்புத் தொகை உங்கள் தலையில். தரகர், வெள்ளையடிப்பு, சொத்துவரி வேறு. நான் பத்து மாத வாடகையைத்தான் வரவாக எழுதுவேன். அப்படிப் பார்த்தால் இரண்டரை சதவீதம்கூடத் தேறாது.

அட்வான்ஸ் உங்கள் பணமல்ல

2012-இல் என் வீட்டுக்கு வாடகை 9,000. அன்றைய சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், 90,000. வாங்கிய கையோடு ஜன்னல் கம்பிகளுக்கும் மரவேலைக்கும் கொடுத்துவிட்டேன். எட்டாவது மாதம் குடியிருந்தவருக்குக் கோவைக்கு மாற்றல். சாவி கொடுக்கும் அன்று பணம் வேண்டும் என்றார். நான் மென்று விழுங்கினேன். அவர் புத்திசாலி; அன்றோடு வாடகையை நிறுத்தி, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். மூன்று மாத வாடகை அப்படிக் கழிந்த பிறகும் 63,000 பாக்கி. மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின.

அதோடு முடிந்ததா? வளையலை மீட்கும் அவசரத்தில், கையில் பணத்தோடு வந்த முதல் ஆளுக்கு விசாரிக்காமல் வீட்டைக் கொடுத்தேன். அவர் தந்ததோ ஐந்து மாத அட்வான்ஸ். கடைசி ஐந்து மாதம் வாடகை தராமல் இருந்தே அதைத் தீர்த்துவிட்டார். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. அவர் போன பிறகு வந்த பில், உடைந்த சிங்க், ஆணியடித்துப் பொத்தலான சுவர் எல்லாம் என் செலவு. பிடித்துக்கொள்ள ஒரு பைசா மிச்சமில்லை. அந்த ஆளை வெகுநாள் திட்டினேன். திட்டவேண்டியது என்னைத்தான் என்று புரிய வருடங்கள் ஆயின.

பணம் வந்த அன்றே தனியாக வைப்பு நிதியில் போடுங்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. பத்து மாதம் கேட்காதீர்கள். திருப்பித் தரவேண்டிய சுமையும் அந்த அளவு குறையும்.

குடிவருகிறவர் என்ன வேலை என்று அக்காள் மகனிடம் கேட்டேன். "ஐ.டி., மாமா. எப்போது வேண்டுமானாலும் பெங்களூருக்கு மாற்றுவார்களாம்" என்றான்.

11 மாத ஒப்பந்தம்

11 மாதம் என்றால் பதிய வேண்டாம் என்பது பழைய கதை. மேலே சொன்ன வாடகைச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

வட்டியைக் காட்டி வரி மிச்சம்

வருமான வரிக் கணக்கில் வாடகைக்கு 30 சதவீதக் கழிவு உண்டு. ஆனால் வீட்டுக்கடன் வட்டியால் வரும் நஷ்டத்தைப் புதிய வரி முறையில் சம்பளத்தோடு கழிக்க முடியாது. பழைய முறையிலும் ஆண்டுக்கு 2 லட்சம்தான் உச்சம். வங்கி முகவர் இதை வாய்திறந்து சொல்லமாட்டார்.

ஆயிரம் ரூபாய்க்காகப் பூட்டிவைப்பது

16,000 தருகிறவரை அனுப்பிவிட்டு 17,000-க்கு ஒரு மாதம் காத்திருந்தால், விட்ட பணத்தைப் பிடிக்க 16 மாதம்.