டெட்லிஃப்ட்: முதுகு வளைவது எங்கே?

“முதுகை நேரா வை” என்று ஜிம்மில் டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் எடையைப் பிடித்துத் தூக்கி நிமிர்ந்து நிற்கும் பயிற்சி) செய்யும்போது யார் சொன்னாலும், புதிதாக வந்தவர் உடனே நிமிர்ந்துகொள்வார். நெஞ்சைத் தூக்கி, முட்டியை மடக்கி, நாற்காலியில் உட்காருவது போல இடுப்பை இறக்கிவிடுவார். அது ஸ்குவாட் என்ற வேறு பயிற்சி. நேராக வைப்பது வேறு, நிமிர்த்துவது வேறு. டெட்லிஃப்டில் முதுகு தரையை நோக்கி நன்றாகவே சாய்ந்திருக்கலாம், நடுவில் கூன் விழாமல் இருந்தால் போதும். இடுப்பைத் தாழ்த்தி ஆரம்பித்தால் என்ன ஆகும் என்றால், எடை கிளம்புவதற்கு முன்பே இடுப்பு மட்டும் சட்டென்று மேலே போய்விடும், பார் (எடை மாட்டிய கம்பி) அங்கேயே கிடக்கும், மிச்ச வேலை எல்லாம் கீழ்முதுகின் தலையில் விழும்.

இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்போது ஃபிரிட்ஜ் கதவைப் பின்பக்கத்தால் இடித்து மூடுவோமே, இடுப்பு அப்படிப் பின்னால் போக வேண்டும். பழகுவதற்கு ஒரு மாப் கட்டை போதும். அதை முதுகோடு செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு குனியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு மூன்றும் கட்டையை விட்டு விலகக் கூடாது.

அடுத்தது, யாரும் கண்டுகொள்ளாத பிளேட் (பாரின் இரு முனையிலும் மாட்டும் வட்ட எடை) விஷயம். பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ., அதனால் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். ஆரம்பத்தில் நாம் மாட்டும் 5 கிலோ இரும்பு பிளேட்டோ பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டு அளவுதான். பார் கணுக்கால் பக்கத்தில் கிடக்கிறது, அதை எட்டிப் பிடிக்கவே முதுகைக் கூனியாக வேண்டும், அப்புறம் திட்டு மட்டும் நமக்கு. இரண்டு பக்கமும் கீழே மரக்கட்டையோ வேறு பிளேட்டோ அடுக்கி பாரை உயர்த்துங்கள், பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

பார் காலை விட்டு விலகுவதும் முதுகைத்தான் தாக்கும். நிறைகுடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஷூ லேஸ் முடிச்சுக்கு நேர் மேலே பார் இருக்கட்டும். அக்குளில் பேப்பரை இடுக்கியது போல கையை உடம்போடு இறுக்கினால் பார் தானாகவே ஒட்டி வரும். மூச்சை நெஞ்சுக்கு இழுக்காமல் வயிற்றுக்குள் இழுத்து, குத்து வாங்கப் போவது போல வயிற்றை இறுக்கிய பிறகு தூக்குங்கள் (பிபி உள்ளவர்கள் மூச்சை அடக்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்). கண்ணாடியில் முகம் பார்க்கக் கழுத்தை அண்ணாந்துகொள்வது, மேலே வந்ததும் கெத்தாகப் பின்னால் சாய்வது, இரண்டும் வேண்டாம்.

எனக்கு முதுகு பிடித்தது வெறும் 60 கிலோவில், அதுவும் இறக்கும்போது. தூக்கியாயிற்றே என்று மூச்சை விட்டுவிட்டு முட்டியை முதலில் மடக்கினேன், பார் முட்டியைச் சுற்றி முன்னால் போனது, முதுகும் கூடவே போனது. மூன்று நாள் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. இறக்கும்போதும் இடுப்புதான் முதலில் பின்னால் போக வேண்டும். பார் முட்டியைத் தாண்டிய பிறகே முட்டி மடங்கலாம்.

பெரிய எடை தூக்கும் பவர்லிஃப்டர்கள் சிலர் மேல்முதுகை வேண்டுமென்றே லேசாகக் கூனிக்கொள்வார்கள். அது பல வருடப் பழக்கம், நமக்கு வேண்டாம். வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ எடையை வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

போனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுங்கள். பார்க்க வேண்டியது கடைசி ரெப்பை (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்). முதல் ரெப்பில் எல்லோர் முதுகும் அழகாகத்தான் இருக்கும்.